நிகழும் மங்களகரமான சார்வரி வருடம்

என் மகனுடைய காதணி விழாப் பத்திரிகையை நானேதான் அடித்தேன். மதுரை மேலமாசி வீதிப் பக்கம் ஒரு சந்துக்குள் சின்னதாகப் பத்திரிகைக் கடை வைத்திருக்கிறேன். சிவகாசியிலிருந்து வருகிற ரெடிமேட் கார்டில் ஸ்கிரீன் பிரிண்டிங் போட்டுக் கொடுப்பது என் தொழில். ஊரார் வீட்டு விசேஷத்துக்கே பதினோரு வருடமாக அடித்தவனுக்கு, சொந்த வீட்டு விசேஷம் என்றதும் கை நிற்கவில்லை. தங்க நிறப் பிள்ளையார், ஓரமெல்லாம் ஜிகினா, பிள்ளையார் தொந்தியில் ஒட்டிய ஒரு சிவப்புக் கல். விகாரி வருடம் பங்குனி மாதம் 24-ஆம் நாள், 6.4.2020 திங்கட்கிழமை, கமுதி பக்கம் எங்கள் குலதெய்வமான அய்யனார் கோவிலில் மொட்டை, காதுகுத்து. அய்யனாருக்குச் சர்க்கரைப் பொங்கல், பக்கத்தில் இருக்கும் கருப்பருக்குக் கிடா. மொத்தம் 300 பத்திரிகை.

மார்ச் 24, செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் ஆறு மணியிலிருந்து தமிழ்நாடு முழுக்க 144 என்று சொல்லிவிட்டார்கள். கடையை இழுத்துப் பூட்டும்போது, வீட்டில் உட்கார்ந்து பெயர் எழுதலாமே என்று அந்த 300-ஐயும் ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு வந்தேன். கூடவே வெட்டி மிஞ்சின அட்டைத் துண்டு ஒரு கட்டு. ராத்திரி எட்டு மணிக்குப் பிரதமர் 21 நாள் என்றார். பொழுது விடிந்தால், தமிழ்நாட்டின் முதல் கொரோனா சாவு எங்கள் ஊர் ராஜாஜி மருத்துவமனையில். அதற்கப்புறம் பத்திரிகையில் பெயர் எழுதுகிற யோசனை எங்கள் இருவருக்குமே வரவில்லை.

வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி ஒரு வங்கிக் கிளையில் கேஷியர். வங்கி அத்தியாவசியம், பத்திரிகைக் கடை அத்தியாவசியம் இல்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற என் அம்மா, அந்த மாதம் பார்த்துக் கோவில்பட்டியில் என் அக்கா வீட்டுக்கு நான்கு நாள் என்று போனவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். ஆக, காலை ஒன்பதரைக்கு மனைவி வண்டியை எடுத்தால், மூன்று வயது மகளுக்கும் பதினொரு மாத மகனுக்கும் வீட்டில் நான் ஒருத்தன். அதுவரை என் பிள்ளைகளோடு நான் சேர்ந்தாற்போல் இருந்த நேரம் என்று பார்த்தால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூங்கி எழுந்த பிறகு இரண்டு மணி நேரம். அதிலும் பாதி என் மார்மேல் அவர்கள் ஏறி உட்கார்ந்திருப்பார்கள், நான் செல்போன் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வீடு மாடி வீடு. ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு அடுப்படி. ஹால் கிரில் கேட்டிலிருந்து அடுப்படி நிலை வரைக்கும் பதினெட்டு அடி. டைல்ஸை எண்ணினால் தெரியும், ஒன்றரை அடிக் கல் பன்னிரண்டு. எத்தனை தடவை எண்ணியிருப்பேன் என்று கேட்காதீர்கள்.

முதல் வாரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வந்தது. குழந்தைகளை வீட்டுக்குள்ளே மகிழ்ச்சியாக வைத்திருக்க நூறு வழிகள். மாவில் உருண்டை பிடிக்கச் சொல்லுங்கள், பயறு வகைகளைப் பிரிக்கச் சொல்லுங்கள், இலைகளைச் சேகரித்து ஒட்டச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் என்று போட்டிருந்தது. நான் நம்பி, பாசிப்பயறையும் கொண்டைக்கடலையையும் கலந்து தட்டில் கொட்டிக் கொடுத்தேன். மகள் நான்கு கடலையை எடுத்தாள். "முடிஞ்சுச்சுப்பா" என்றாள். தம்பிக்காரன் தட்டைக் கவிழ்த்தான். பொறுக்கி எடுக்க எனக்கு ஆனது நாற்பது நிமிஷம். அவன் வாயில் எத்தனை போனது என்பது மறுநாள் காலையில்தான் கணக்குக்கு வந்தது.

பட்டியல் எழுதின புண்ணியவான் யாரோ, அவர் வீட்டில் பிள்ளைகள் கல்லூரியில் படிக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

பிள்ளைகளுக்குப் புதுசு புதுசாக ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வேண்டும். இதை நான் பிடிக்கப் பத்து நாள் ஆனது. மார்ச் 22 ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்குத் தெருவே நின்று கை தட்டியதா, என் மகளும் தட்டு, கரண்டியோடு மொட்டை மாடியில் நின்றாள். மறுநாள் ஐந்து மணிக்கும் தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். அதற்கடுத்த நாளும். நாடு ஒரு நாள் தட்டியதை என் வீட்டில் மே மாதம் வரைக்கும் தட்டினார்கள். ஏப்ரல் 5 ராத்திரி ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிஷம் விளக்கை அணைத்து அகல் ஏற்றச் சொன்னார்களே, அன்றைக்கும் அப்படித்தான். லைட் அணைந்து விளக்கு எரிந்தால் என் மகளுக்கு ஒரே அர்த்தம்தான். "ஹேப்பி பர்த்டே" பாடி ஊதி அணைத்துவிட்டாள். பக்கத்து மாடியில் பயபக்தியாகக் கைகூப்பி நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

கீழ்வீட்டில் ஹவுஸ் ஓனர். இருவருக்குமே எழுபது தாண்டியாயிற்று. அவர்கள் தலைக்கு மேல் நாள் முழுக்க இரண்டு ஜோடிக் கால். ஓட்டடைக் கம்பை வைத்துக் கூரையில் மூன்று தட்டு தட்டுவார். நான் பிள்ளைகளை அதட்டுவேன். ஆனால் கீழே இருந்து பதில் வருகிறது என்பதையே ஒரு விளையாட்டாகக் கண்டுபிடித்துவிட்டாள் மகள். இவள் மேலிருந்து மூன்று தட்டு, அவர் கீழிருந்து மூன்று தட்டு. ஒருநாள் மாடிப்படியில் பார்த்துச் சொன்னார், "தம்பி, மத்தியானம் ரெண்டுலேருந்து நாலு மட்டும் விட்டுருங்க, மத்த நேரம் ஆடட்டும்." நியாயமான பேச்சு. ஆனால் அந்த இரண்டிலிருந்து நாலுதான் அவர்கள் தூங்காத நேரம்.

தூங்க வைப்பதுதான் எனக்குப் பெரிய கண்டம். மகன் இன்னும் தாய்ப்பால் குடிக்கிறவன். பகல் தூக்கத்துக்கு அவனுக்கு அம்மாவோ அப்பத்தாவோ வேண்டும். சேலைத் தொட்டிலில் போட்டு ஆட்டினால், துணியை விலக்கி என்னைப் பார்ப்பான். ஆள் மாறிவிட்டது என்று தெரிந்ததும் வீரிடுவான். அம்மாவிடம் போன் போட்டுக் கேட்டேன். "ஏண்டா, ஒரு தாலாட்டு பாடுடா" என்றார். எனக்கு ஒரு தாலாட்டும் தெரியாது. சினிமாப் பாட்டு தொண்டைக்கு ஏறாது. மனப்பாடமாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், பதினோரு வருடமாக புரூஃப் பார்த்துப் பார்த்து நாக்கில் ஊறிப்போனது.

"நிகழும் மங்களகரமான விகாரி வருடம், பங்குனி மாதம், வளர்பிறை, சுபயோக சுபதினத்தில்..."

இழுத்து இழுத்துச் சொன்னேன். தொட்டில் போய் வருகிற அளவுக்கு அந்த வாசகம் அச்சாகப் பொருந்தியது. "எங்கள் இல்லத் திருமண விழாவிற்கு, தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ..." என்று வரும்போது கண் செருகும். "வருகை தந்து சிறப்பிக்குமாறு" வரைக்கும் ஒருநாளும் போனதில்லை. ஏப்ரல் 14 சித்திரை ஒன்று. அன்றைக்கு விகாரி முடிந்து சார்வரி பிறந்தது. தொழில் நேர்மை விடவில்லை, தாலாட்டிலும் வருடத்தை மாற்றினேன். அவன் கண்ணைத் திறந்து ஒரு பார்வை பார்த்தான். சார்வரிக்குப் பழக அவனுக்கு இரண்டு நாள் ஆயிற்று.

இதில் நான் எதிர்பார்க்காதது மகள். தூங்குகிறவள்போல் படுத்துக்கொண்டு அத்தனையையும் காதில் வாங்கியிருக்கிறாள். ஒருநாள் அடுப்படியில் சத்தம். குக்கருக்குத் துண்டு போர்த்தியிருந்தது, மிக்சி ஜாருக்கு மல்லிகை நாரில் மாலை. "நிகளும் மங்களமான சாவரி வருசம்" என்று ஆரம்பித்து, குக்கருக்கும் மிக்சிக்கும் கல்யாணம் முடித்து வைத்தாள். என் காதணிப் பத்திரிகைக் கட்டு அன்றைக்குத்தான் உடைந்தது. ஒன்றை எடுத்து எனக்கு, ஒன்றை எடுத்துத் தம்பிக்கு, ஒன்றைச் சுவர்க்கடிகாரத்துக்கு வைத்தாள். "கண்டிப்பா வந்துரணும். மாஸ்க் போட்டுட்டு வரணும்."

அதற்கப்புறம் பட்டியல் எதுவும் தேவைப்படவில்லை. தினம் ஒரு கல்யாணம். துடைப்பத்துக்கும் பக்கெட்டுக்கும். கரடி பொம்மைக்கும் தண்ணீர்க் கேனுக்கும். பத்திரிகை தீராது, 300 இருக்கிறதே. உறைக்குள் போடுவது, எடுப்பது, மறுபடி போடுவது. மூன்று வயது விரலுக்கு அதுவே நல்ல வேலை. மகனுக்கு வெட்டின அட்டைத் துண்டுகள். அடுக்குவான், தள்ளுவான், ஒரு ஓரத்தைச் சப்புவான். ஜிகினா படிந்த எச்சிலோடு சிரிப்பான். மேலட்டை கெட்டி என்பதால் சறுக்குமரம், ரயில், தோசை எல்லாம் ஆனது. பார்க்கும்போது ஒரு பக்கம் வயிறு எரியும். கார்டு ஒன்று அடக்க விலையே பதினாறு ரூபாய்.

மனைவியின் பாடு வேறு மாதிரி. ஏப்ரல் 3-இலிருந்து ஜன்தன் கணக்கு வைத்திருக்கும் பெண்களுக்கு மாதம் 500 ரூபாய், மூன்று மாதத்துக்கு. கூட்டம் சேராமல் இருக்க, கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் 0, 1 என்றால் முதல் நாள், 2, 3 என்றால் அடுத்த நாள் என்று பிரித்திருந்தார்கள். கடைசி இலக்கத்தைப் பார்த்துவிட்டு வருகிற நிலைமையில் யார் இருந்தார்கள்? வெயிலில் சுண்ணாம்பு வட்டத்துக்குள் நின்றுவிட்டு வருகிறவர்களின், எச்சில் தொட்டு நோட்டு எண்ணுகிற கையிலிருந்து சீட்டு வாங்கி, அதை வாங்கின கையோடு அவள் வீட்டுக்கு வர வேண்டும். மாடிப்படிக்குக் கீழே ஒரு குளியலறை உண்டு. அங்கே குளித்து, துணியை சோப்புத் தண்ணீரில் முக்கிவிட்டுத்தான் மேலே ஏறுவது என்று முடிவு பண்ணினோம்.

முடிவு நமக்குத்தானே. வண்டிச் சத்தம் கேட்டதும் மகன் கிரில் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவான். அவன் எழுந்து நிற்கப் பழகியதே அந்தக் கம்பியைப் பிடித்துத்தான். கீழே அம்மா தெரிகிறாள், கைக்கு எட்டவில்லை. இருபது நிமிஷம் அழுகை. சத்தம் கேட்டு அவள் குளியலறைக்குள்ளே அழுவாள். இரண்டு வாரம் இப்படிப் போனது. பிறகு அவள் ஒரு வழி செய்தாள். தெருமுனையிலேயே இன்ஜினை அணைத்துவிட்டு, அவ்வளவு கனமான ஸ்கூட்டரை வீட்டு வாசல் வரை தள்ளிக்கொண்டே வருவாள். குளித்து, தலையைத் துவட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் படி ஏறிப் பின்னால் வந்து நிற்பாள். எங்கிருந்து வந்தாள் என்று அவனுக்குத் தெரியாது. அடுப்படியிலேயே இருந்தவள்போல் வருவாள். அக்கம்பக்கத்தில் வண்டி ரிப்பேரா என்று கேட்டவர்களுக்கு ஆமாம் என்று சொல்லிவைத்தோம்.

செல்போன் விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் பொய் எழுதினதாகும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரையே கூடாது, இரண்டிலிருந்து நாலு வயதுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. என் மனைவி எங்கேயோ படித்துவிட்டு வந்து சொன்னாள். நான் தலையாட்டினேன். பார்ட்டிகள் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டுப் போன் செய்த நாட்களில் மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம்கூடப் போயிருக்கிறது. நான் ஒரு போனில் தேதி மாற்றம் பேசுவேன், மறு போனில் வாத்துக்குஞ்சு பாடும். சாயங்காலம் அவள் வந்து போனின் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்ப்பாள். சூடு காட்டிக் கொடுத்துவிடும்.

ஏப்ரல் 26-இலிருந்து 29 வரை மதுரையில் முழு ஊரடங்கு. காய்கறிக் கடைகூடக் கிடையாது. முந்தின நாள் கடைத்தெருவில் கூடின கூட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது. இந்த நான்கு நாளில் இரண்டாவது நாள் ராத்திரி, மகள் மூக்கைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். "பிள்ளையார் கல்லு உள்ள போயிருச்சு."

பத்திரிகையில் ஒட்டியிருந்த அந்தச் சிவப்புக் கல். வலது மூக்கில். டார்ச் அடித்துப் பார்த்தால் மினுங்குகிறது. நான் முடி பிடுங்குகிற இடுக்கியைத் தேடினேன். மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள். "தோண்டாதீங்க, உள்ள போயிரும்." ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால், அப்போது எங்களுக்குக் கல்லைவிட ஆஸ்பத்திரி பயம். வழக்கமாகப் பார்க்கும் குழந்தை டாக்டருக்குப் போன் போட்டாள். நல்லவேளை, எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டு நிதானமாகச் சொன்னார். பிள்ளையை மடியில் படுக்க வையுங்கள். கல் இல்லாத மூக்கை விரலால் அடையுங்கள். முத்தம் கொடுக்கிற மாதிரி அவள் வாயோடு உங்கள் வாயை இறுக்கி வைத்து, "ப்பூ" என்று சுருக்கமாக ஒரு ஊது. முன்கூட்டியே பெரிய முத்தம் தரப்போகிறேன் என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மிரளும். இரண்டு மூன்று தடவை பாருங்கள், வரவில்லையென்றால் யோசிக்காமல் கிளம்பி வாருங்கள். கடிகாரத்துக்குப் போடுகிற வட்ட பேட்டரியாக இருந்தால் இதெல்லாம் செய்து பார்க்கிற நேரமே இல்லை, உடனே ஆஸ்பத்திரி என்றும் சேர்த்துச் சொன்னார்.

முதல் ஊதலில் மகள் சிரித்துவிட்டாள். இரண்டாவதில் கல், சளியோடு, மனைவியின் கன்னத்தில் வந்து ஒட்டியது. அன்றைக்கு ராத்திரி பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் உட்கார்ந்து, மிச்சமிருந்த அத்தனை பத்திரிகையிலிருந்தும் பிள்ளையார் தொந்திக் கல்லைப் பிய்த்து எடுத்தேன். 210-க்கு மேல் எண்ணவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, எழுதத் தயக்கம்தான். மே முதல் வாரம் என்று ஞாபகம். கல்யாணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடாது என்று அறிவித்திருந்தார்கள். ஐம்பது பேருக்கு யார் பத்திரிகை அடிப்பார்கள்? வாட்ஸ்அப்பில் ஒரு படம் போதும். ஆயிரம் கார்டு ஆர்டர் கொடுத்திருந்த ஒருவர் அட்வான்ஸ் முழுசையும் கேட்டுக் கொஞ்சம் கடுமையாகவே பேசினார். அவர் பணத்துக்குக் கார்டு வாங்கி வைத்தாயிற்று, அவரும் பாவம், நானும் பாவம். அதே நேரத்தில் மகள், "அப்பா கல்யாணத்துக்கு வா, அப்பா கல்யாணத்துக்கு வா" என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள். போனை வைத்ததும் முதுகில் ஒன்று வைத்தேன். பலமாகவே விழுந்துவிட்டது. ஐந்து விரலும் தெரிந்தது.

அழுதாள், தூங்கினாள், எழுந்தாள். சாயங்காலம் அட்டைத் துண்டைக் காதில் வைத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். "இல்ல சார், அட்வான்ஸ் தர முடியாது சார், புரிஞ்சுக்கங்க சார்." பிறகு போனைக் கீழே வைத்துவிட்டு, கரடி பொம்மையைக் குப்புறப் போட்டு முதுகில் ஓர் அடி. மறுபடி போனை எடுத்து, "சொல்லுங்க சார்." கோபமாக எல்லாம் இல்லை. சோறு ஆக்குகிற மாதிரி, கடைக்குப் போகிற மாதிரி, அதுவும் ஒரு விளையாட்டு அவளுக்கு. அப்பா விளையாட்டு. பத்து நாளைக்கு அதை விளையாடினாள். நான் நிறுத்தச் சொல்லவில்லை, எந்த வாயால் சொல்வது?

மே 4 மீனாட்சி திருக்கல்யாணம். மதுரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: சித்திரைத் திருவிழாவில் ஊருக்கே கல்யாணம் அது. வீட்டுப் பெண்கள் அந்த முகூர்த்தத்தில் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வார்கள். அந்த வருடம் ஒரு சில பட்டர்களை மட்டும் வைத்துக் கோவிலுக்குள்ளேயே நடத்தினார்கள். ஊர் முழுக்க இணையத்தில் பார்த்தது. அழகர் ஆற்றில் இறங்குவதும் கிடையாது என்றாகிவிட்டது. எங்கள் வீட்டில் மடிக்கணினி முன்னால் விளக்கேற்றி வைத்து மனைவி உட்கார்ந்தாள். மேளச் சத்தம் வந்ததும் மகள் எழுந்து நின்று ஆரம்பித்தாள், "நிகளும் மங்களமான சாவரி வருசம் சித்திரை மாசம்." அன்றைக்கு அவள் சொன்னதில் வருடமும் சரி, மாதமும் சரி. ஒரு பத்திரிகையைக் கொண்டுபோய்த் திரைக்கு முன்னால் வைத்தாள். மனைவி கழுத்தில் கயிற்றைப் பிடித்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தாள். கொட்டுமேளம் முழங்கும்போது கீழிருந்து மூன்று தட்டு. நான் அதட்டப் போனேன். பார்த்தால், கீழ்வீட்டிலும் அதே ஒளிபரப்பு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அவர் தட்டியது தாளத்துக்கா, தொல்லைக்கா என்று இன்றுவரை கேட்கவில்லை.

மகனின் தலைமுடிதான் அந்த வெயில் காலத்தின் பெரிய பிரச்சனை. சலூன் மூடியிருந்தது ஒரு காரணம். திறந்திருந்தாலும் வெட்ட முடியாது என்பதுதான் நிஜக் காரணம். பிறந்த முடி குலதெய்வத்துக்கு. கத்தி அய்யனார் வாசலில்தான் படவேண்டும். வருடம் திரும்புமுன் எடுக்க இருந்தது, குக்கரில் கேக் வைத்து முதல் பிறந்தநாளும் போயாயிற்று, முடி கண்ணுக்குள் விழுகிறது. அக்கினி நட்சத்திரத்தில் கழுத்தெல்லாம் வேர்க்குரு. நுனியை மட்டும் வெட்டலாமா என்று அம்மாவிடம் போனில் கேட்டேன். "சாமி குத்தம்டா" என்றவர், ஒரு நிமிஷம் கழித்து, "ரப்பர் பேண்டு போடு" என்றார். உச்சியில் ஒரு குடுமி, அதில் அக்காவின் சிவப்பு கிளிப். கயிறு கட்டிய கூடையில் பால் பாக்கெட் போட வருகிற அண்ணன் அண்ணாந்து பார்த்து, "ரெண்டும் பொம்பளப் புள்ளயா சார்?" என்று கேட்டார். ஆமாம் அண்ணே என்றேன். விளக்கம் சொல்லச் சக்தியில்லை.

அந்தக் குடுமியோடுதான் அவன் நடந்தான். நடந்து பத்து நாளில் ஓடினான். கிரில் கேட்டிலிருந்து புறப்பட்டு, அடுப்படி நிலையை உள்ளங்கையால் "டப்" என்று அடித்து, திரும்பி ஓடிவந்து கேட்டை அடிப்பான். காலையில் ஆரம்பித்தால் ராத்திரி வரைக்கும் அதே. ஜூன் 24-இலிருந்து மதுரையில் மறுபடியும் முழு ஊரடங்கு வந்தது, நீட்டி நீட்டி ஜூலை நடுவரைக்கும் போனது. எங்கள் தெருமுனையில் தகரம் அடித்தார்கள். அதிலெல்லாம் எனக்கு விவரமான ஞாபகம் இல்லை. டப், டப் என்கிற அந்தச் சத்தம்தான் ஞாபகம் இருக்கிறது. மகளை எல்கேஜியில் சேர்க்க வேண்டிய ஜூன் அது. பள்ளிக்கூடத்திலிருந்து ரைம்ஸ் வீடியோவும் பீஸ் விவரமும் வந்தன. வீடியோ ஒரு நிமிஷம், பீஸ் மூன்று பக்கம்.

செப்டம்பர் 1 முதல் கோவில்கள் திறந்தன. 7-ஆம் தேதியிலிருந்து மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் ஓடியது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் என் மச்சினன், பஸ் விட்டதும் வந்து சேர்ந்தான். தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியாதே. அம்மா கோவில்பட்டியிலிருந்து நேராகக் கோவிலுக்கே வந்துவிட்டார். ஆவணி கடைசி ஞாயிறு, 13-ஆம் தேதி. மொத்தம் ஒன்பது பேர். கிடா இல்லை, பொங்கல் மட்டும்.

கிளம்புமுன் பத்திரிகைக் கட்டைத் தேடினேன். 300-இல் மடங்காமல் கிழியாமல் ஏழு இருந்தன. ஒன்றில் விகாரியைப் பேனாவால் அடித்துச் சார்வரி என்று எழுதி, தேதியைத் திருத்தி, அய்யனார் காலடியில் வைத்தேன். பதினோரு வருடத்தில் கையால் திருத்தம் போட்ட பத்திரிகையை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. தொந்தியில் கல் இருந்த இடத்தில் பசைத் தழும்பு.

முடி இறங்கியது. மடியில் உட்கார்ந்து காது குத்தும்போது ஊரே கேட்கிற மாதிரி அழுதான், அரை வாழைப்பழத்தில் அடங்கினான். சந்தனம் பூசிய தலையோடு இறக்கிவிட்டோம். கோவிலுக்கு முன்னால் மண்குதிரைகள், அதற்கப்புறம் பொட்டல். தண்ணீரில்லாத கண்மாய் கண்ணுக்கெட்டின தூரம், ஓரத்தில் கருவேலம். பிறந்ததிலிருந்து அவன் பார்த்திராத அளவுக்கு வெட்டவெளி.

"ஓடுறா மாப்ளே" என்றான் மச்சினன்.

ஓடினான். நன்றாகத்தான் ஓடினான். கொஞ்ச தூரம் போனதும் சட்டென்று நின்று, உள்ளங்கையை முன்னால் நீட்டி அடித்தான். அங்கே ஒன்றும் இல்லை. திரும்பி எங்களிடம் ஓடிவந்து, மச்சினன் முட்டியை "டப்" என்று அடித்துவிட்டு மறுபடி ஓடினான். அதே இடத்தில் நின்றான், கையை நீட்டினான், திரும்பினான். மச்சினன் விழுந்து விழுந்து சிரித்தான். "என்ன மாமா, வண்டி லிமிட்டு தாண்ட மாட்டேங்குது?" மகள் பக்கத்தில் நின்று, "தம்பி அடுப்படி வரைக்கும் போறான்" என்றாள்.

மனைவி ஒன்றும் பேசவில்லை. நான் எழுந்துபோய், அவன் திரும்பின இடத்தில் மண்ணில் பதிந்திருந்த சின்னக் காலடிவரை அடி வைத்து அளந்தேன். என் காலுக்குப் பதினேழு அடி வந்தது.